மூன்றரை மணி அண்டா

என் மூக்கை வைத்துத்தான் நான் மூன்று மாடி கட்டினேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதற்கு மேலே படித்தவர்கள் என்னிடம் வந்து சம்பளம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று சொன்னால் தற்பெருமை என்பார்கள். உள்ளதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு இந்தத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியவன் நான். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வெயிலில் தொண்டை வறண்டு வருகிறவர்களுக்குக் கையால் சுற்றும் மிஷினில் சாறு பிழிந்து கொடுத்தேன். இன்று என் பாட்டில் இல்லாத பெரிய கடை சாலைக் கம்போளச் சந்தையில் கிடையாது.

தோல் உரிக்காமலே ஆரஞ்சு இனிப்பா புளிப்பா என்று சொல்லுவேன். கம்பத்திலிருந்து திராட்சை லாரி வந்து நின்றால், தார்ப்பாயை அவிழ்க்கும் முன்பே அடித்தட்டுப் பெட்டியில் அழுகல் இருப்பதைச் சொல்லிவிடுவேன். டிரைவர்மார் முதலில் சிரிப்பார்கள். பெட்டியைத் திறந்த பிறகு சிரிக்க மாட்டார்கள்.

அந்த மூக்குத்தான் இப்போது தினமும் மத்தியானம் என்னை ஒரு சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

வலியசாலையில் அக்ரகார வீடுகளுக்குப் பின்னால், கிள்ளிப்பாலத்துக்குப் போகிற சந்தில் என் ஷெட். பன்னீர் திராட்சைச் சாறுதான் எங்கள் பெரிய சரக்கு. பழத்தைக் காம்பு நீக்கி, நசுக்கி, தோலோடு இரட்டைச் சுவர் அண்டாவில் போட்டு, இரண்டு சுவருக்கும் நடுவே நீராவி விட்டுச் சூடாக்குவோம். தோலோடு சூடு பட்டால்தான் அந்தக் கருஞ்சிவப்பு இறங்கும். பிறகு பிழிந்து வடிகட்டி, இன்னொரு தடவை காய்ச்சி, சூட்டோடே பாட்டிலில் அடைத்து மூடிவிடுவோம். அண்டாவில் எழுகிற ஆவி ஒரு தகரக் குழாய் வழியாக வெளியே போகும்.

அந்த ஆவிக்கு மூன்று பருவம் உண்டு. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, அண்டாப் பக்கத்தில் நின்று கண்டது. சூடு ஏறுகிறபோது முதலில் வருவது பூ மணம். திராட்சை என்றே சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் இப்போதுதான் கட்டி முடித்த பிச்சிப்பூச் சரம் ஒன்றை யாரோ முகத்துக்கு நேரே கொண்டு வந்த மாதிரி இருக்கும். வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம்தான் அது நிற்கும். அடுத்தது பழ மணம். அதற்கும் பிறகு வெந்த மணம், பாகு காய்ச்சுகிற சமையற்கட்டு மாதிரி. அக்கம்பக்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கடைசி மணம்தான். அது சாயங்காலம் வரை சந்தில் கிடக்கும்.

முன்பு குழாயின் வாய் சந்தைப் பார்த்து இருந்தது. தேனீ மொய்க்கிறது என்று போகிறவர் வருகிறவர் முணுமுணுத்தார்கள். அதனால் குழாயைப் பின்பக்கம் திருப்பினேன். பின்பக்கம் சாமி வீட்டுக் கொல்லை.

சாமி என்பது பெயரில்லை, நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அரசு ஆபீசில் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நம்பமாட்டார். கோயிலுக்குப் போவார், திரும்பி வரும்போது உண்டியல் பூட்டுச் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவார். அவரும் மாமியும் தினமும் மூன்றரை மணிக்குக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லின் பக்கத்தில் இரண்டு ஸ்டூல் போட்டுக் காப்பி குடிப்பார்கள். அவர் சர்க்கரை கூடிப்போச்சு என்பார். மாமி, வேறே ஆத்துல போய்க் குடிங்கோ என்பார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் கேட்டுச் சிரிப்பார்கள். மாமி தலையில் பிச்சிப்பூ இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. ஒரு மாசி மாதத்தில் மாமி போய்விட்டார். நான் குழாயைத் திருப்பியது அதற்கடுத்த மாதம்.

ஆவி அவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று கேட்கத்தான் ஒரு நாள் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். சாமி கொல்லையில் இருந்தார். இரண்டு ஸ்டூல், இரண்டு டம்ளர் காப்பி. ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். மற்றதில் நான் உட்காரப் போனேன்.

"அதுல வேண்டாம் ஓய். உமக்கு உள்ளேந்து நாற்காலி கொண்டு வரேன்."

"யாராவது வராங்களா சாமி?"

"வருவா."

நாற்காலி வந்தது, எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. நான் குழாய் விஷயத்தைப் பேச வாயைத் திறந்தேன். சாமி கையைத் தூக்கிப் பேசாதே என்றார். மாமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஷெட்டில் மூன்றரை மணி அண்டாவின் மூடியை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அது வந்தது. காற்றில்லாத அந்தக் கொல்லையில், தரையை ஒட்டி, மெல்ல நடந்து வருகிற மாதிரி பிச்சிப்பூ மணம் வந்தது. கல்லைத் தாண்டி, காலியான ஸ்டூல் பக்கம் வந்து நின்றது.

"வந்துட்டா" என்றார் சாமி. கண் மூடியிருந்தது.

அது என் குழாய்தான் என்று மூக்கு சொல்லிற்று. முதுகு கேட்கவில்லை. முதுகில் ஒரு குளிர் ஏறி, கழுத்தில் நின்றது. என் வாழ்க்கையில் நான் யாருக்கும் பயந்து பேசாமல் இருந்தவனில்லை. அன்றைக்குக் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன்.

"சாமிகிட்ட உள்ளதச் சொல்லலியா நீங்க?"

"எப்படிட்டி சொல்லுவேன்? மாமி செத்த பெறவு மனுசன் சோறு திங்காமக் கெடந்தாரு. மக பெங்களூருக்குக் கூப்பிட்டுட்டே இருக்கா. அவரு போகாம, குளிச்சு, வேட்டி மாத்தி, ரெண்டு காப்பி போடுகாருன்னா அந்த மணம் ஒண்ணுக்காகத்தான்."

அவள் கேட்டாள்: "நான் முன்னாடி போனா உங்களுக்கு எந்த மணம் வரும்?"

"நீ மீன் கொழம்பு மணத்தோட வருவே."

"நீங்க முன்னாடி போனா வெந்த திராட்சை மணம். கொடலப் பொரட்டும். வரவே வேண்டாம், அங்கயே இருந்துக்கிடுங்க."

சிரித்தோம். ஆனால் அன்று அவள் தலையில் வைத்திருந்த பூவை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இந்தச் சமயத்தில்தான் என் சரக்கு திரும்பி வந்தது. கோவளம் பக்கத்து ஹோட்டல்காரர்கள் பெரிய ஆர்டர் பேசியிருந்தார்கள். மாதிரிப் பாட்டில்களைத் திருப்பி அனுப்பி, நிறம் உண்டு, இனிப்பு உண்டு, மணம் மட்டும் ஜாம் மாதிரி இருக்கிறது என்றார்கள். மணத்தில் குறை என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஒரு பாட்டிலை நானே திறந்து முகர்ந்தேன். சரிதான். வெந்த மணம். கூடவே, அலமாரியில் வெயில் பட்டு நின்ற பாட்டிலில் தைலம் மாதிரி ஒரு கசப்பு நெடியும் வந்திருந்தது. நாள்தோறும் ஷெட்டுக்குள்ளே நிற்கிற எனக்குப் பூவும் பழமும் காற்றில் கிடைத்துக்கொண்டே இருந்ததால், பாட்டிலில் அது இல்லை என்று தோன்றவே இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து மிஷின் செய்கிற ஒருவரை வரவழைத்தேன். சின்ன வயது, நல்ல படிப்பு, அதைவிட நல்ல பேச்சு. வந்தவர் ஐஸ் வைத்த ஒரு எவர்சில்வர் தட்டை, அண்டாவில் சூடு ஏறத் தொடங்கியபோது ஆவிக்கு மேலே பிடித்தார். தட்டின் அடியில் துளி துளியாகத் தண்ணீர் கோத்தது. அதை ஒரு டம்ளரில் வழித்து என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்கய்யா."

பச்சைத் தண்ணீர் மாதிரி, நிறமே இல்லை. முகர்ந்தேன். அந்தக் கொல்லையில் வந்து நின்றது டம்ளருக்குள் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இதுதானுங்க உங்க திராட்சை. பாட்டில்ல போறது சர்க்கரையும் சாயமும். சூடு பண்ணறப்ப லேசான மணமெல்லாம் மொதல்ல கெளம்பிருமுங்க. நீங்க அதைக் குழாய் வெச்சு ஊருக்குத் தானம் பண்ணிட்டு இருக்கறீங்க."

"இந்தப் பூ மணம் திராட்சைக்குள்ள எங்கய்யா இருந்தது?"

"கொஞ்சம் வெளியில இருக்குதுங்க, மீதி தோல்ல சர்க்கரையோட பூட்டிக் கெடக்குதுங்க. சூடும் புளிப்பும் சேந்து அந்தப் பூட்டைத் தெறக்கும். தெறந்ததும் பறந்துரும். பறக்காம ரொம்ப நேரம் சூட்டுலயே கெடந்துச்சுன்னா வேற ஒண்ணா மாறிரும். அந்தத் தைல நெடி அதுதானுங்க. பூதான் அப்படி மாறுது."

மணம் செத்துப்போவதில்லை, வேறு ஒன்றாக மாறி அலமாரியில் நிற்கிறது என்று ஒரு மிஷின்காரர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆவியைக் குளிர்ந்த சுருள் குழாய்க்குள் விட்டுத் தண்ணீராக்கிப் பிடித்து, சாறு ஆறிய பிறகு அதில் திரும்பக் கலந்து அடைக்க வேண்டும். அதுதான் அவர் சொன்ன வழி. ஹோட்டல் ஆர்டர் போனால் ஷெட்டில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரும். நான் சரி என்றேன். மனிதர் எதையும் பழகிக்கொள்வார், சாமியும் பழகிக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மிஷின் வந்தது. பின்பக்கக் குழாயை அடைத்தோம். நான் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்லுகிறேன், அந்த முதல் பாட்டிலைப் போல ஒரு திராட்சைச் சாறு இந்த ஊரில் யாரும் குடித்திருக்க மாட்டார்கள். மூடியைத் திருகினால் அறைக்குள் யாரோ வந்த மாதிரி இருக்கும். ஹோட்டல்காரர்கள் ஆர்டர் கொடுத்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. முதல் வாரம் சாமி மூன்றரைக்கு வந்து உட்கார்ந்தார். நான் ஒரு பெட்டி மேல் ஏறிப் பார்த்தேன். இரண்டு டம்ளரும் மேலே ஆடை படிந்து, ஆறி, இருட்டும்வரை அப்படியே இருந்தன. அடுத்த வாரம் காலையில் போட்ட பால் பாக்கெட் மத்தியானமாகியும் வாசல் படியிலேயே கிடந்தது. சாமியின் மகள் எனக்கே போன் செய்தாள்.

"மாமா, அப்பா சரியா சாப்பிடறதில்லை, போன் எடுக்கறதும் இல்லை. என்னவாக்கும் ஆச்சு? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ."

என்னவென்று எனக்குத் தெரியும். அவளிடம் எப்படிச் சொல்ல? ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். மணத்தைப் பாட்டிலில் அடைத்தவன் நான்தானே, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய வியாபாரம் செய்தவனுக்கு அன்றைக்குப் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

சாமி கொல்லையில்தான் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினார். மணம் வெளியே வந்தது. அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தணிக்கைக்கு வந்த காகிதத்தைப் பார்க்கிற மாதிரி.

"மூடியைத் திறந்தா வரா, மூடினா போறா. குப்பியில அடைச்சு வச்சிருக்கீரே ஓய், என்ன துணிச்சல் உமக்கு."

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன்.

"சாமிக்கு... தெரியுமா?"

"தெரியாம? நான் யாருன்னு நினைச்சீர்? ஞாயித்துக்கிழமை அவ வரமாட்டா. ஹர்த்தால் அன்னிக்கு வரமாட்டா. எந்த ஆத்துக்காரி ஓய் ஞாயித்துக்கிழமை லீவு எடுப்பா? மாமி ஒரு நாளாவது எடுத்திருக்காளா? ரெண்டாவது வாரமே சம்சயம் வந்துடுத்து. சுவத்து மேல உம்ம குழாயைப் பார்த்தேன், தீர்ந்துது."

"பின்னே எதுக்கு சாமி தினமும் ரெண்டு டம்ளர்?"

சாமி காலியான ஸ்டூலைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து நேராக வைத்தார்.

"தெரிஞ்சா என்ன? அந்த வாசனை வரச்சே அவ இருக்கா. குழாய்ல வந்தா என்ன, கதவு வழியா வந்தா என்ன. ஞாயித்துக்கிழமைதான் அவ இல்லேன்னு எனக்கு நிஜமாத் தெரியும். அந்த ஒரு நாளைத் தள்ளறதுக்கு மத்த நாளெல்லாம் வேண்டியிருந்தது. நீர் வாரம் முழுக்க ஞாயித்துக்கிழமையாக்கிட்டீர்."

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சாமி."

"சொன்னா நீர் பாவப்பட்டு ஆவி விடுவீர். பாவத்துக்கு விட்டா அவ வரமாட்டா. நீர் பாட்டுக்கு உம்ம வேலையைப் பார்த்துண்டு விடணும்."

இத்தனை நாள் அவருக்குத் தெரியக்கூடாது என்று நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் கட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் குழாயில் ஒரு வால்வு வைக்கச் சொன்னேன். திருப்பினால் ஆவி மிஷினுக்குப் போகாமல் பழைய குழாய்க்குப் போகும். மூன்றரை மணிக்குச் சூடாகிற அண்டா ஒன்றுக்கு மட்டும் அப்படி, மற்ற அண்டாவெல்லாம் மிஷினுக்கு. கோயம்புத்தூர்க்காரரிடம் போனில் சொன்னபோது அவர் தலையில் கை வைத்ததை நான் கண்ணால் பார்க்காமலே பார்த்தேன்.

"ஐயா, எதுக்குங்க ஒரு அண்டா மணத்தை வேணும்னே வெளிய விடறீங்க? ஆவி ஜாஸ்தியா? அழுத்தம் ஏறுதா?"

"ஆமா. அழுத்தம் ஏறுது."

அந்த அண்டாச் சாற்றை நான் வீணாக்கவில்லை. நான் எதையும் வீணாக்கியவனில்லை. மணம் போன அந்தச் சாற்றைச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிக் கிழக்கேகோட்டை சர்பத் கடைகளுக்குக் கொடுத்தேன். அங்கே ஐஸும் நன்னாரியும் எலுமிச்சையும் சேர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது.

ஷெட் ஆட்களுக்குக் காரணம் சொல்லவில்லை. இதுதான் முறை என்று மட்டும் சொன்னேன். சாமி பாவத்துக்கு விடாதே என்றாரே. அன்று மூன்றரைக்கு வால்வைத் திருப்பிவிட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எவர்சில்வர் டம்ளர் கல்லில் தட்டுகிற சத்தம். அப்புறம் சாமியின் குரல், யாரிடமோ சொல்கிற மாதிரி:

"சர்க்கரை கூடிப்போச்சு."

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள், பழைய ஞாபகத்தில். நான் சிரிக்கவில்லை. காப்பி போட்டது அவரேதான்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் சாமி இருந்தார். மகள் வந்து பார்த்துவிட்டு, அப்பா தேறிட்டார் என்று நிம்மதியாகத் திரும்பிப் போனாள். சாமி போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஆச்சரியப்படவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, மகள் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தாள். கொல்லைக் கதவைச் சாத்தும் முன், இரண்டு டம்ளரையும் கழுவி, துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறாள். காயட்டும் என்று வைத்தவள் எடுத்து உள்ளே வைக்க மறந்துவிட்டாள்.

அண்டாவைப் பார்த்துக்கொள்ளும் ஆள், எங்கள் ஊர்க்காரன், வந்து கேட்டான்.

"முதலாளி, அந்த வீட்ல இப்ப ஆரும் இல்லியே. மூணரை அண்டாவையும் மிசின்ல குடுத்திரட்டா?"

அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சரி, கொடு என்றேன். வால்வைத் திருப்பாமல் ஒரு நாள் விட்டோம். அன்று மூன்றரைக்கு நான் கணக்குப் பார்க்கிற அறையில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காத அந்த நேரம் நீண்டுகொண்டே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிற மாதிரி ஒரு அமைதி. அதைக் காதால் கேட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மூக்கால் கேட்டேன். மணம் இல்லாத இடத்தின் மணம் ஒன்று உண்டு, அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாளே வால்வைத் திருப்பச் சொன்னேன். இப்போது அதை நானேதான் திருப்புகிறேன். வேறு யாரையும் தொட விடுவதில்லை.

"சாவி உங்க கையிலதானே இருக்கு. அந்த ரெண்டு டம்ளரையும் எடுத்து உள்ள வச்சிட்டு வந்தா என்ன?" என்று என் மனைவி கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

மூன்றரைக்கு மூடியை இழுக்கிறார்கள். வால்வைத் திருப்பிவிட்டு அந்தப் பெட்டி மேல் ஏறி நிற்கிறேன். பிச்சிப்பூ மணம் சுவரைத் தாண்டிக் கீழே இறங்கி, தரையை ஒட்டி, கல் பக்கம் போகிறது. மழை பெய்த நாளில் டம்ளர்கள் பளபளக்கும், வெயில் நாளில் தூசி படிந்திருக்கும். காப்பிக்காக யாராவது நிமிர்த்தி வைத்திருக்கிறார்களா, கவிழ்த்தபடியே இருக்கின்றனவா என்று பார்ப்பேன். அதைப் பார்த்த பிறகுதான் இறங்குவேன். இதுவரை கவிழ்ந்துதான் இருக்கின்றன.